பிள்ளைக்கு ஊசி, ஊருக்குப் பாதுகாப்பு

வணக்கம் நேயர்களே.

மெனிஞ்சைடிஸ் எனும் மூளையுறைக் காய்ச்சல் பல கிருமிகளால் வருகிறது. அவற்றில் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் உயிரையே பறித்துவிடக் கூடிய கிருமி இது. சிகிச்சை கொடுத்தும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது, சிலருக்குக் கை கால்களை அகற்ற வேண்டி வருகிறது.

இந்த நோய்க்கு அதிகம் ஆளாவது ஒரு வயது நிரம்பாத குழந்தைகள். ஆனால் கிருமி பெரும்பாலும் குடியிருப்பது பதின்வயதினர், கல்லூரி மாணவர்களின் மூக்கிலும் தொண்டையிலும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. உள்ளே கிருமி இருப்பதே தெரியாது. விடுதி அறையில் சேர்ந்து தங்குவது, கூட்டமாகக் கூடுவது, முத்தம் என்று நெருங்கிப் பழகும் வயது அது. அப்புறம் வீட்டுக்கு வந்து கைக்குழந்தையையும் கொஞ்சுவார்கள்.

1999 நவம்பரில் பிரிட்டன் ஒரு நல்ல முடிவு எடுத்தது. மெனிங்கோகாக்கஸில் ஏ, பி, சி, டபிள்யூ, ஒய் என்று பல வகைகள் உண்டு. அவற்றில் சி வகைக்கான கான்ஜுகேட் தடுப்பூசியை, அதாவது கிருமியின் மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த ஊசியை, உலகிலேயே முதல் நாடாக அறிமுகப்படுத்தியபோது, குழந்தைகளோடு நிறுத்தாமல் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் போட முன்வந்தது. ஓராண்டு கழித்து 15 முதல் 17 வயது மாணவர்களின் தொண்டையைச் சோதித்தார்கள். சி வகைக் கிருமியைச் சுமப்பவர்களின் விகிதம் 66 சதவீதம் குறைந்திருந்தது. ஊசியே போடாத பிள்ளைகளிடமும் நோய் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பிறந்த சில மாதங்களில் ஊசி போட்ட குழந்தைகளுக்கு அதன் பலன் ஓராண்டிலேயே வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியும் நோய் திரும்பவில்லை. பரப்பக் கூடிய பெரிய பிள்ளைகளிடம் கிருமி அருகிவிட்டதே அதற்குக் காரணம்.

2009க்குப் பிறகு டபிள்யூ வகை அங்கே பெருகியது. 2015 முதல் பதின்வயதினருக்கு ஏ, சி, டபிள்யூ, ஒய் என நான்கு வகைகளுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடத் தொடங்கினார்கள். மறு ஆண்டே, கைக்குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் போட்டுவந்த சி ஊசியை நிறுத்தவும் முடிந்தது. பெரிய பிள்ளைகள் ஏற்றுக்கொண்ட ஊசியால் சின்னக் குழந்தைக்கு ஒரு குத்து மிச்சம். எனக்கு இதைவிட மகிழ்ச்சியான மருத்துவச் செய்தி அதிகம் இல்லை.

எல்லாத் தடுப்பூசியும் இப்படி வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 35,000 மாணவர்களை வைத்து பி வகைத் தடுப்பூசியை ஆராய்ந்தார்கள். தொண்டையில் இருக்கும் கிருமி அதனால் குறையவில்லை. போட்டவரை அது காக்கும், அக்கம்பக்கத்தாரைக் காக்காது. அதனால் பி வகைக்குக் குழந்தைக்கே நேராக ஊசி போட்டாக வேண்டும்.

பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோரே, முதன்முறை பல்கலைக்கழகம் சேரும் மாணவருக்கு 25 வயது நிறையும் முன் இந்த நான்கு வகை ஊசி அங்கே இலவசம். முடிந்தால் விடுதியில் சேருவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். நம் பிள்ளை ஆரோக்கியமாகத்தானே இருக்கிறான் என்று தள்ளிப் போடாதீர்கள். ஊசி போட்ட பிறகும் காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத தடிப்பு என எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.