சேமித்து வைக்காத ஆக்சிஜன்

நேயர்களுக்கு வணக்கம். வேதியியல் ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் கருவிகள் ஊதிக் கொடுக்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் நான். அந்தப் பழக்கத்தால், வீட்டிலேயே கண்ணாடி மணி செய்யத் தொடங்கியிருக்கும் பலர் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றே: ஆக்சிஜனுக்கு என்ன ஏற்பாடு செய்வது?

கண்ணாடி மணி என்றதும் நம்மில் பலருக்கு அரிக்கமேடு நினைவுக்கு வரும். அங்கு பெரும் எண்ணிக்கையில் கிடைத்த சிறு மணிகள், உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, பின்னர் நறுக்கிச் செய்யப்பட்டவை. நான் இன்று பேசுவது வேறொரு முறை. களிமண் பூச்சுப் பூசிய எஃகுக் கம்பியை ஒரு கையிலும் கண்ணாடிக் கோலை மறு கையிலும் பிடித்து, மேசையில் பொருத்திய பர்னரின் சுடரில் கோலை உருக்கிக் கம்பியின்மேல் சுற்றி, ஒவ்வொரு மணியாக உருவாக்கும் முறை அது. முற்காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிச் செய்ததால், விளக்கு வேலை என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவு இதற்குப் புகழ்பெற்றது. இத்தாலியும் பிரான்சும் இணைந்து விண்ணப்பித்த கண்ணாடி மணிக் கலையை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எரிவாயுவைக் காற்றோடு எரித்தால் சுடரின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசை ஒட்டி நின்றுவிடும். ஆக்சிஜனோடு எரித்தால் 2,800 டிகிரியை நெருங்கும். காற்றுச் சுடரிலும் மணி செய்யலாம், கற்கத் தொடங்குபவர்களுக்கு அதுவே போதும். ஆனால் வேலை மெதுவாக நகரும், சில நிறங்கள் புகைபடிந்து கெடும். ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும், பியூட்டேனுக்கு ஆறரைப் பங்கு வேண்டும். நமக்குக் கிடைக்கும் எரிவாயு இவ்விரண்டின் கலவை. ஆகவே மணி செய்பவருக்கு எரிவாயுவைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் செலவாகும். அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அந்த அறையின் பாதுகாப்பு அமைகிறது.

பலரும் முதலில் நினைப்பது சிலிண்டரைத்தான். ஏழு கன மீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரில் வாயு ஏறக்குறைய 150 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 150 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வீதம் செலவழித்தால் 23 மணி நேரம் வரும். ஆய்வகத்தில் நான் பயன்படுத்தியது அதைத்தான், அதன் தூய்மைக்கு ஈடில்லை. ஆனால் அங்கே அதைச் சுவரோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டியிருந்தோம், தள்ளுவண்டி இல்லாமல் நகர்த்தியதே இல்லை. 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை அடுக்குமாடி வீட்டின் படிகளில் உருட்டி ஏற்றும்போது அது விழுந்து, வால்வு முறிந்தால், உள்ளிருக்கும் வாயு அதை ஏவுகணை போலச் செலுத்திவிடும்.

சிலிண்டரில் எனக்குள்ள பெரிய அச்சம் வேறொன்று. நான் தொழில் பழகிய நாட்களில் ஒருநாள், ரெகுலேட்டரின் மரை இறுகிப்போய்ச் சுற்ற வரவில்லை. வீட்டில் பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் செய்வதைப்போல, விரல்நுனியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்த மரையில் தடவப் போனேன். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. என்னைச் சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்து, அந்த ரெகுலேட்டரைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார். வால்வைச் சட்டென்று திறந்தால், உயர் அழுத்த ஆக்சிஜன் ரெகுலேட்டரின் குறுகிய அறைக்குள் பாய்ந்து நெருக்குண்டு, அந்தக் கணத்திலேயே கடுமையாகச் சூடாகும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பொறியே இல்லாமல் அது பற்றிக்கொள்ளும், அதைத் தொடர்ந்து உலோகமும் எரியும். ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெயும் கிரீசும் கூடாது, வால்வை மெல்லத் திறக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை, மற்றவற்றை எரியவைக்கிறது. காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் அது சில விழுக்காடு கூடினாலே பருத்தித் துணியும் தலைமுடியும் எரியும் விதம் மாறிவிடும். 1967 ஜனவரி 27 அன்று தரையில் நடந்த ஒத்திகையின்போது, தூய ஆக்சிஜன் நிரப்பிய அப்பல்லோ 1 விண்கலத்தில் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் உயிரிழந்தார்கள். மூடிய அறையில் இரவு முழுவதும் கசியும் சிலிண்டரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. உடையில் படிந்த தூசியை ஆக்சிஜன் குழாயால் ஊதித் தட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிப்பது. பயன்படுத்தாத நாளிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது வீட்டுக்கு உரியதன்று.

எஞ்சியிருப்பது ஆக்சிஜன் செறிவூட்டி. 2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையின்போது பல குடும்பங்கள் பதறி வாங்கிய இந்த இயந்திரம் இன்று கட்டிலுக்கடியில் சும்மா கிடக்கிறது. அறைக் காற்றை உறிஞ்சி, சியோலைட் என்ற நுண்துளைக் குருணைகள் நிரம்பிய இரு குடுவைகளுக்குள் மாற்றி மாற்றி அழுத்தும். குருணைகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஏறக்குறைய 93 விழுக்காடு ஆக்சிஜன் வெளியே வரும். சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்கும் பெருமூச்சு போன்ற ஒலி, குடுவை மாறும் ஒலிதான். வீட்டில் மணி செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. விலைக் கணக்கு இதில் எனக்கு முக்கியமில்லை. சுவிட்சை அணைத்துவிட்டால் அந்த வீட்டில் சேமித்து வைத்த ஆக்சிஜன் என்று ஏறக்குறைய எதுவும் இருக்காது. 150 பார் எங்கும் இல்லை. வெளிவரும் அழுத்தம் பெரும்பாலும் அரை பார் அளவுதான்.

ஆனாலும் சில நிபந்தனைகள் உண்டு. வீட்டில் யாருக்கேனும் மூச்சுக்காக அந்த இயந்திரம் தேவைப்பட்டால் அதைத் தொடக்கூடாது. ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் நோயாளி இருக்கும் வீட்டில் சுடர் வேலையே வேண்டாம். சுடர் வேலைக்குப் போன இயந்திரத்தை மீண்டும் நோயாளிக்குக் கொடுக்கவும் கூடாது. ஈரப்பதத்துக்காக வைத்திருக்கும் தண்ணீர்ப் புட்டியைக் கழற்றிவிட வேண்டும். இயந்திரத்தைப் பர்னருக்கு அருகில் வைக்காமல், தூசியும் எண்ணெய்ப் புகையும் இல்லாத பக்கத்து அறையில் வைத்துக் குழாயை நீட்டிக்கொள்வது நல்லது. எளிதில் உருகும் சோடா கண்ணாடிக்கும் சிறிய பர்னருக்கும் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் போதும். போரோசிலிகேட் என்ற கடினக் கண்ணாடியை அதில் உருக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

அவசரக் காலத்தில் விற்கப்பட்ட எல்லா இயந்திரங்களும் சொன்ன தூய்மையைத் தருவதில்லை. அளவிடும் கருவி இல்லாதவர்கள் செம்பு கலந்த நீலப்பச்சைக் கோல் ஒன்றை உருக்கிப் பார்க்கலாம். எரிவாயுவை அளவோடு வைத்தும் சுடரின் நுனி மஞ்சளாகி, மணியின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்தால், ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள்.

எரிவாயுவின் பக்கம் இரண்டே சொற்கள். சமையலறை ரெகுலேட்டர் இதற்குப் போதாது. வீட்டு உபயோகச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிகச் சிலிண்டரை வாங்கி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைப் பொருத்தி, அதை அறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். ஏனெனில் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். இரு வாயுக்களும் முனைக்கு வெளியே கலக்கும் வகைப் பர்னரில் நெருப்பு உட்புகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் அதையே தேர்ந்தெடுங்கள்.

செறிவூட்டிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மின்சாரம் போனால் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கிவிடும். எரிவாயுவோ வந்துகொண்டே இருக்கும். அப்போது எரிவாயு ஆக்சிஜன் குழாய்க்குள் பின்னோக்கி ஏறாமல் இருக்க, இரு குழாய்களிலும் ஒருவழித் தடுப்பு வால்வு பொருத்தியிருக்க வேண்டும். சுடர் திடீரென்று மஞ்சளாகி நீண்டால், கையிலிருக்கும் மணியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதலில் பர்னரில் உள்ள ஆக்சிஜன் திருகு குமிழை மூடுங்கள், அடுத்து எரிவாயுக் குமிழை, பிறகு வெளியே போய்ச் சிலிண்டர் வால்வை மூடுங்கள். மின்சாரம் திரும்பி வந்ததும் இயந்திரத்தை இயக்கி, எரிவாயுவைத் திறந்து பற்றவைத்து, அதன் பின்னரே ஆக்சிஜனைச் சேருங்கள்.