மருந்தில்லாத மாத்திரைக்கும் குறைகிறது: புராஸ்டேட் வீக்க ஆய்வுகளைப் பற்றி ஒரு பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசை வரைக்கும் கேட்கிறதா? சரி.

ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு தொல்லையைப் பற்றித்தான் இன்று பேச்சு. இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து போக வேண்டியிருப்பது, போய் நின்றால் உடனே வராமல் காக்க வைப்பது, வந்தாலும் மெல்லிசாக, விட்டு விட்டு வருவது, முடித்துவிட்டுத் திரும்பினால் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே தோன்றுவது. இந்தக் கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பாதிப் பேர் மனசுக்குள் தலையாட்டுகிறீர்கள், தெரிகிறது.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியே வரும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வாலிபத்தில் சுமார் 20 கிராம்தான். வயது ஏற ஏற வளரும். அறுபது வயது ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கும், எண்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. அந்தப் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், சுரப்பியின் அளவுக்கும் தொல்லையின் அளவுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நன்றாகப் பெருத்த சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குகிறவர் இருக்கிறார், சின்னச் சுரப்பியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நடக்கிறவரும் இருக்கிறார். ஆகவே ஸ்கேனில் அளவைப் பார்த்து மட்டும் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லிவிட முடியாது. நோயாளியைத்தான் கேட்க வேண்டும். அதற்காக 1992-இல் அமெரிக்காவில் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை அடக்க முடியாமல் போனது, எத்தனை தடவை முக்க வேண்டியிருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, எட்டிலிருந்து பத்தொன்பது நடுத்தரம், இருபதும் அதற்கு மேலும் கடுமை. உலகம் முழுக்க இன்று ஆய்வு நடத்துகிறவர்கள் இந்தத் தாளைத்தான் நம்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் ஏறினால் சந்தோஷம், இங்கே இறங்கினால்தான் சந்தோஷம்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நோயாளி சொல்வதே அளவுகோல் என்றால், அவர் மனசும் அந்த அளவுகோலுக்குள் வந்துவிடுகிறது. மருந்தே இல்லாத ஒரு மாத்திரையை, பிளாசிபோ என்கிறார்களே அதை, கொடுத்தாலும் இந்த மதிப்பெண் இரண்டு மூன்று இறங்குகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் டாக்டரிடம் போவான், ஆய்வில் சேருவான். உச்சத்தில் இருந்தது எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தணியும். அப்புறம், நம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்ற தெம்பு. தூங்கப் போகும்முன் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது மாதிரி நாமே செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள். எல்லாம் சேர்ந்து மாத்திரையின் கணக்கில் போய் விழுகின்றன.

மாத்திரை மட்டுமா, போலிச் சிகிச்சைக்கும் இதே கதைதான். அடைத்துக்கொண்டிருக்கும் சுரப்பியைச் சிறு கொக்கிகளால் இருபக்கமும் இழுத்துக் கட்டும் யூரோலிஃப்ட் என்ற முறையைச் சோதிக்க 206 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நிஜமாகச் செய்தார்கள். மீதிப் பேருக்கு உள்ளே குழாய்க் கருவியை விட்டுப் பார்த்தார்கள், கண்ணுக்குத் தெரியாதபடி நடுவில் திரை போட்டிருந்தார்கள், கொக்கி போடும்போது வரும் சத்தத்தைப் போலவே சத்தம் கொடுத்தார்கள், ஆனால் கொக்கி எதுவும் போடவில்லை. மூன்று மாதம் கழித்து நிஜச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சுமார் 11 மதிப்பெண் குறைந்திருந்தது. சத்தம் மட்டும் கேட்டவர்களுக்கு? கிட்டத்தட்ட 6. சும்மா சத்தத்துக்கு ஆறு மதிப்பெண்! அந்தப் போலிக் குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால் பதினொன்றையும் கொக்கியின் சாதனை என்றே எழுதியிருப்பார்கள். நீராவியைச் செலுத்தித் திசுவைச் சுருக்கும் ரெசும் முறையிலும் இப்படித்தான், நிஜத்துக்கு 11, போலிக்கு 4-க்குச் சற்று மேல். இரண்டு முறைகளும் வேலை செய்கின்றன, சந்தேகமில்லை. எவ்வளவு வேலை செய்கின்றன என்பதுதான் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் யாராவது "எனக்கு இதில் நன்றாகக் குணம் தெரிந்தது" என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று ஒரு கேள்வி கேளுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

மூலிகைக்கு வருவோம், இதைக் கேட்கத்தான் பலர் வந்திருப்பீர்கள். சா பால்மெட்டோ என்று ஒரு குட்டைப் பனை, அமெரிக்காவின் தென்கிழக்கில் வளர்வது. அதன் பழச்சாற்றைக் குப்பிகளில், அதாவது விழுங்கும் கேப்சூல்களில், அடைத்துப் பல நாடுகளில் விற்கிறார்கள், கோடிக்கணக்கான பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். 2006-இல் 225 ஆண்களை வைத்து ஒரு வருடம் சோதித்தார்கள். அந்தச் சாற்றின் வாடையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் போலிக் குப்பியையும் நிஜத்தைப் போலவே இருக்கும்படி கவனமாகத் தயாரித்தார்கள். முடிவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. உடனே, அளவு போதவில்லை என்றார்கள். சரி என்று 369 பேரைச் சேர்த்து, வழக்கமான அளவில் தொடங்கி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரை ஏற்றி 72 வாரம் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த முடிவில் மூலிகை எடுத்தவர்களுக்கு 2.2 மதிப்பெண் குறைந்திருந்தது, போலிக் குப்பி எடுத்தவர்களுக்கு 2.99. அதாவது வெறும் குப்பி ஒரு நூல் முந்திவிட்டது! மூலிகை என்பதால் நான் குறை சொல்லவில்லை. மூலிகையாக இருந்தாலும் ரசாயனமாக இருந்தாலும் பரீட்சை ஒன்றுதான். இதில் அது தேறவில்லை.

தேறிய மருந்துகள் இரண்டு வகை. ஒன்று ஆல்ஃபா தடுப்பான்கள், டாம்சுலோசின், டெராசோசின், டாக்சசோசின் மாதிரியானவை. இவை சுரப்பியைச் சுருக்குவதில்லை. சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் இருக்கும் தசையைத் தளர்த்துகின்றன, அவ்வளவுதான். அதனால் சில நாட்களிலேயே பலன் தெரியும், எழுந்து நிற்கும்போது சிலருக்குத் தலைசுற்றலும் தெரியும்.

இன்னொரு வகை சுரப்பியையே சுருக்குவது. இதன் கதை சுவாரசியமானது. டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருந்ததை 1974-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பிறக்கும்போது பெண் குழந்தை மாதிரி தோன்றிய சிலர் பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் புராஸ்டேட் மிகச் சின்னதாகவே இருந்தது. டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுவது அந்த நொதியின் வேலை. அப்படியானால் அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதற்கு அப்புறம் நடந்தது இன்னும் நன்றாக இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,229 பேரை வைத்து ஒரு வருடம் ஓர் ஆய்வு. போலி மாத்திரை, ஃபினாஸ்டரைடு, டெராசோசின், இரண்டும் சேர்த்து என்று நான்கு குழு. 1996-இல் முடிவு வந்தது. போலி மாத்திரைக்கு 2.6 குறைந்தது, ஃபினாஸ்டரைடுக்கு 3.2, டெராசோசினுக்கு 6.1, சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 6.2. படித்தவர்கள் எல்லாம் ஃபினாஸ்டரைடு கதை முடிந்தது என்றார்கள். ஆனால் இரண்டே வருடத்தில், 1998-இல், 3,040 பேரை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்த இன்னோர் ஆய்வு வெளிவந்தது. அதில் முக்கியமாகக் கவனிக்கப்பட்ட கேள்விகளே வேறு: எத்தனை பேருக்கு ஒரேயடியாக அடைத்துக்கொண்டு டியூப் போடும்படி ஆனது, எத்தனை பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது? திடீர் அடைப்பு போலி மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 7 பேர், ஃபினாஸ்டரைடு குழுவில் 3 பேர். ஆபரேஷன் 10 பேர், இங்கே 5 பேர். மருந்து அதே மருந்துதான். ஆனால் முதல் ஆய்வில் இருந்தவர்களின் சுரப்பி சராசரியில் சின்னது, பார்த்த காலமும் குறைவு. மெல்லச் சுருக்கும் மருந்தை அவசரப்பட்டு அளந்தால் தோற்ற மாதிரிதான் தெரியும்.

சண்டையைத் தீர்க்க 3,047 பேரோடு சராசரி நாலரை வருடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2003-இல் வெளியானது. தொல்லை முற்றிப்போகும் அபாயத்தை டாக்சசோசின் 39 சதவீதம் குறைத்தது, ஃபினாஸ்டரைடு 34, இரண்டும் சேர்ந்து 66. ஆனால் டாக்சசோசின் மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் திடீர் அடைப்பும் ஆபரேஷனும் நீண்ட காலத்தில் குறையவில்லை. அறிகுறி அடங்குகிறது, நோய் தன் பாட்டுக்குப் போகிறது. சுரப்பி பெரிதாக இருப்பவருக்கு இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்தால், ஒன்று போதாதா என்று கோபப்படாதீர்கள், காரணம் இதுதான். அதே சமயம் சின்னச் சுரப்பிக்காரருக்கு ஃபினாஸ்டரைடால் பெரிய லாபம் கிடைக்காது, பக்கவிளைவு மட்டும் கிடைக்கலாம்.

பக்கவிளைவு என்றதும் நினைவு வருகிறது. ஃபினாஸ்டரைடால் சிலருக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையும், விறைப்பு குறையும். இது உண்மை. இத்தாலியில் ஒரு குழு 120 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தது. பாதிப் பேரிடம் இந்தப் பக்கவிளைவுகளைச் சொன்னார்கள், பாதிப் பேரிடம் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் அளவில் புகார் சொன்னார்கள், சொல்லப்படாதவர்களில் 15 பேர்தான். நல்லதைப் போலவே கெட்டதையும் மனசு கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. அதற்காக மருத்துவர் சொல்லாமல் மறைக்கலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. அந்தச் சங்கடத்தோடுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆபரேஷனைப் பற்றி? டி.யூ.ஆர்.பி. என்று சொல்வார்களே, வெளியே கீறாமல் குழாய் வழியாகவே போய்ச் சுரண்டி எடுப்பது, இன்றும் புதிய முறைகளை அதோடுதான் நிறுத்தி எடை பார்க்கிறார்கள். 1995-இல் வந்த ஓர் ஆய்வில் நடுத்தரத் தொல்லை உள்ள 556 பேரில் பாதிப் பேருக்கு இதைச் செய்தார்கள், மீதிப் பேரை மருத்துவர் கண்காணிப்பில் சும்மா விட்டார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு நல்ல குணம். சும்மா விடப்பட்டவர்களில் நான்கில் ஒருவர் மூன்று வருடத்துக்குள் தாமே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார். மீதி மூன்று பேர் வரவில்லை, அதையும் பாருங்கள். பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான், தொல்லை தாங்கக்கூடியதாக இருக்கும் வரை. முழுக்க அடைத்துக்கொண்டாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் சேர்ந்துகொண்டாலோ அந்தப் பேச்சுக்கே இடமில்லை, உடனே போங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மனிதன் பதறிப்போவான். யூரோலிஃப்ட்டும் ரெசும்மும் இவ்வளவு வரவேற்பு பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம், அவற்றில் இந்தப் பிரச்சினை குறைவு. மதிப்பெண்ணில் டி.யூ.ஆர்.பி. அளவுக்கு இறங்காவிட்டாலும் பரவாயில்லை என்று சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது அவரவர் கணக்கு.

முன்வரிசையில் ஐயா ஒருவர் கையைத் தூக்கியிருக்கிறார். புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கச் செய்யும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றியா? நல்ல கேள்வி. ஃபினாஸ்டரைடு ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். தாளில் 2 என்று வந்தால் அதை 4 என்று வைத்துத்தான் யோசிக்க வேண்டும். முடி கொட்டுவதற்கு இதே மருந்தைச் சின்ன அளவில் சாப்பிடுகிறவர்களும் பரிசோதனைக்கு முன் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் நடுவில் கண்ணின் கருவிழித் திரை தொய்ந்துபோகிறது என்று 2005-இல் கண்டுபிடித்து எழுதினார்கள். தெரிந்திருந்தால் அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்துகொள்வார்கள். மருந்தை நிறுத்தி நாளானாலும் இது நடக்கலாம், அதனால் முன்பு எப்போதோ சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த கேள்வி யாருடையது?