ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா? சுவிட்ச் போர்டைக் கழற்ற வேண்டாம்

[திரையில்: முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேன். நேர் கீழே மேசையில் ஒரு நாளிதழ். தாள் அசையவே இல்லை.]

வணக்கம். காயில் கட்டக் கொடுத்த ஃபேன் கடையிலிருந்து வந்து, மாட்டியும் ஆகிவிட்டது. வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் நேர் கீழே உட்கார்ந்தால் காற்றே இல்லை. இந்த நிலைமை உங்கள் வீட்டில் இருந்தால் ரெகுலேட்டரைத் திட்டுவதற்கு முன்னால் ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்துவிட்டு, கீழே நின்று இறக்கை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நம் ஊர்ச் சாதாரண ஃபேன்கள் பெரும்பாலும், கீழிருந்து பார்க்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இதைவிட நம்பகமான அடையாளம் இறக்கையிலேயே இருக்கிறது. ஒரு ஓரம் கொஞ்சம் தூக்கியிருக்கும், இன்னொரு ஓரம் தாழ்ந்திருக்கும். தூக்கிய ஓரம் முன்னால் போனால் காற்று கீழே வரும். தாழ்ந்த ஓரம் முன்னால் போனால் காற்று கூரைக்குப் போய், சுவரோரமாக இறங்கும், பரண் மேல் இருக்கும் பெட்டிக்குத்தான் நல்ல காற்று.

சரி, எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறது என்று தெரிந்துவிட்டது. உடனே யாராவது ஒருவர் சொல்வார், "ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடு, திரும்பிவிடும்" என்று. திரும்பாது. பேட்டரியில் ஓடும் பொம்மை மோட்டாரில் ப்ளஸ், மைனஸ் மாற்றினால் திசை மாறுவதைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் ஏசி, அது தானாகவே வினாடிக்கு 100 முறை திசை மாறிக்கொண்டிருக்கிறது, அதில் நாம் இரண்டு வயரை இடம் மாற்றுவதால் மோட்டாருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

இரண்டாவது யோசனை, இறக்கைகளைக் கழற்றித் தலைகீழாக மாட்டுவது.

[திரையில்: கையில் ஒரு ஸ்கேல், சாய்வாக.]

ஒரு ஸ்கேலை இறக்கை மாதிரிச் சாய்த்துப் பிடியுங்கள். இப்போது அதை அதன் நீளவாக்கிலேயே அரைச் சுற்று உருட்டுங்கள், மேல் பக்கம் கீழே வரட்டும். சாய்வு மாறியதா? அதே சாய்வுதான். ஃபேன் இறக்கையும் இப்படித்தான், திருப்பி மாட்டினாலும் காற்று போகும் திசை மாறாது, வளைவு மட்டும் தப்பான பக்கம் திரும்பி, வருகிற காற்றும் குறைந்துவிடும்.

அப்படியென்றால் திசையை முடிவு செய்வது எது? உள்ளே இருக்கும் இரண்டு வைண்டிங்கும், அதாவது கம்பிச் சுருளும், ஒரு கண்டன்சரும். சீலிங் ஃபேனில் நடுத்தண்டும் காயில் சுற்றிய பகுதியும் அசையாமல் நிற்கும், வெளி மூடிதான் இறக்கையோடு சேர்ந்து சுற்றும். காயிலில் ரன்னிங் என்று ஒன்று, ஸ்டார்ட்டிங் என்று ஒன்று. ரன்னிங்குக்குக் கரண்ட் நேராகப் போகிறது. ஸ்டார்ட்டிங்குக்குப் போவது கண்டன்சர் வழியாக, அதனால் அங்கே கரண்ட் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. முதலில் ஸ்டார்ட்டிங், அடுத்து ரன்னிங் என்று காந்தப்புலம் வரிசையாக நகர, மூடி அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகிறது. எந்த வைண்டிங் முந்துகிறது என்பதை மாற்றினால் திசை மாறும், அவ்வளவுதான் சூட்சுமம்.

காயில் கட்டிய பிறகு இது மாறிப்போவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். உள்ளிருந்து மூன்று வயர் வெளியே வருகிறது: ரன்னிங், ஸ்டார்ட்டிங், இரண்டுக்கும் பொதுவான காமன். அதில் முதல் இரண்டும் இடம் மாறினால் போதும். பட்டறை மேசையில் மோட்டாரைத் தண்டு மேலே இருக்கும்படி வைத்து ஓட்டி, மேலிருந்து பார்த்தால் சரியான பக்கம் சுற்றுவது போலவே தெரியும், தொங்கவிட்டுக் கீழிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம்.

இனி வேலை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் ஃபேன் வயரில் கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஏறுவதற்கு ஆடாத ஏணி வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். இதில் எங்காவது தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பத்து நிமிட வேலைதான்.

மோட்டாருக்கு மேலே இருக்கும் கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலே தூக்கினால் கனெக்டரும் கண்டன்சரும் தெரியும். சில ஃபேன்களில் கூரைக் கொக்கியை ஒட்டிய மேல் கப்பில் இருக்கும். முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கண்டன்சரின் வெறும் கம்பியை விரலால் தொடாமல், ரப்பர் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் ஒரு தடவை சேர்த்துத் தொட்டுவிடுங்கள், மிச்சம் இருக்கும் சார்ஜ் போய்விடும்.

[திரையில்: கனெக்டர், மிக நெருக்கத்தில்.]

இப்போது கூர்ந்து பாருங்கள். மேலிருந்து இரண்டு சப்ளை வயர் வருகிறது. ஒன்று காமனில் சேர்கிறது, அதைத் தொடவே வேண்டாம். இன்னொன்று மோட்டாரின் ஒரு வயரும் கண்டன்சரின் ஒரு காலும் சேர்ந்திருக்கும் இடத்துக்குப் போகிறது. கண்டன்சரின் மறுகால் மோட்டாரின் மிச்ச வயரோடு தனியாக இருக்கும். அந்த இரண்டாவது சப்ளை வயரை மட்டும் இருக்கும் இடத்திலிருந்து கழற்றி, கண்டன்சரின் மறுகால் இருக்கும் முனையில் கொடுங்கள். கண்டன்சரை அசைக்க வேண்டாம். திசை மாறிவிடும்.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், காயில் கட்டியவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கலாம். எது எது என்று குழப்பமாக இருந்தால் கண்டன்சரையும் சப்ளையையும் கழற்றிவிட்டு, மூன்று வயரையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 200, 250, 450 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகம் காட்டிய ஜோடி ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும், ஒதுங்கி நிற்பது காமன். காமனோடு சேர்த்துப் பார்க்கும்போது குறைவாகக் காட்டுவது பெரும்பாலும் ரன்னிங்.

மாற்றிய பிறகு திசை சரியாகி, ஆனால் வேகம் குறைந்து மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால், வெளியே உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை, உள்ளே ஒரு வைண்டிங்கின் முனை மாறியிருக்கலாம். பழையபடி இணைத்துவிட்டு, காயில் கட்டியவரிடமே கொண்டுபோய் "ஸ்டார்ட்டிங் முனையை மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

இன்னொரு கேஸ் இருக்கிறது, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சுவிட்ச் போட்டால் ஃபேன் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, குச்சியால் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே சுற்றுகிறது, இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். இதில் வயர் மாற்றி ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட்டிங்குக்குக் கரண்ட் போகவில்லை, கண்டன்சர் போயிருக்கும், அல்லது அந்த வைண்டிங் அறுந்திருக்கும். கண்டன்சர் மேல் 2.5 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருந்தால் அதே 2.5 வாங்கி மாட்டுங்கள். வேகம் வரட்டும் என்று பெரியதாகப் போடுவது காயிலைப் பொசுக்கும் வழி.

எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் இந்தக் கண்டன்சர் விளையாட்டே கிடையாது, திசையை அந்தப் போர்டே முடிவு செய்கிறது. சில மாடல்களின் ரிமோட்டில் ரிவர்ஸ் பட்டன் உண்டு, குழந்தைகள் அமுக்கியிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். குளிர் நாடுகளில் கூரையில் தங்கும் வெப்பக் காற்றைக் கீழே இறக்க அந்த வசதி தேவைப்படுகிறது, நமக்கு ஊட்டி, கொடைக்கானலில் வேண்டுமானால் உதவலாம். பட்டனும் இல்லை, வாரண்டியும் இருக்கிறது என்றால் திறக்காமல் சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து கப்பை இறக்கும்போது வயர் எதுவும் பிதுங்கி நிற்காமல் உள்ளே தள்ளிவிட்டு, சுற்றுகிற மோட்டார் மூடிக்கும் கப்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள், இல்லையென்றால் கரகரவென்று உரசுகிறது என்று ராத்திரியே மறுபடி ஏணி போட வேண்டியிருக்கும்.