பிள்ளை பெற்றவளுக்கு வீட்டார் ஆறுதல் மட்டும் போதாது

நடுவர் அவர்களே, வணக்கம். புதிதாகப் பெற்றோர் ஆனவர்களின் மனதைத் தாங்க வீட்டார் ஆறுதலே போதுமா, பயிற்சி பெற்றவரின் துணையும் வேண்டுமா என்பது தலைப்பு. துணையும் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு, பூண்டுக் குழம்பு, லேகியம், குளிப்பாட்ட ஆச்சி, இத்தனை இருக்கும்போது கவுன்சிலிங் எதற்கு? எங்கள் பாட்டி யாரிடம் போனார்?" என்று கேட்டார். அந்த ஆச்சியின் கைகளை நானும் கும்பிடுகிறேன். ஆனால் பாட்டி யாரிடமும் போகவில்லை என்பதால் அவருக்குத் தேவைப்படவே இல்லை என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? கிணற்றடியில் தனியாக அழுததை அவர் யாரிடம் சொல்லியிருப்பார்?

பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அதற்கு வீட்டு ஆறுதல் போதும், ஒப்புக்கொள்கிறேன். அடங்காமல் தொடர்ந்தால்? என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரலை" என்றாள். "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுங்க" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராதது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வளரும் நாடுகளில் பிரசவத்துக்குப் பின் ஐந்தில் ஒரு தாய்க்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் 1987 முதல் இருக்கின்றன. தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. எந்த மாமியார் இதைக் கேட்பார்? கேட்டாலும் எந்த மருமகள் உண்மையைச் சொல்வாள்? தன் மனக்குறையில் பாதி அந்த வீட்டைப் பற்றியதாக இருக்கும்போது, அதே வீட்டில் யாரிடம் வாய் திறப்பாள்?

சரி, ஆலோசகர் என்றால் பணக்காரர் சமாச்சாரம் என்றீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமங்களில் மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. ஆய்வில் இருந்தவர்கள், கர்ப்பத்திலேயே மனச்சோர்வில் இருந்த ஏழைத் தாய்மார்கள். வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை, ஊர் சுகாதாரப் பணியாளர்கள். ஒரு பகுதியில் அவர்களுக்கு மனநல உரையாடல் பயிற்சி தரப்பட்டது, மறு பகுதியில் இல்லை. வீட்டுக்குப் போனது இரு பக்கமும் அதே எண்ணிக்கைதான். குழந்தைக்கு ஆறு மாதமானபோது பயிற்சி இல்லாத பக்கம் 53 சதவீதத் தாய்மார் மனச்சோர்வில் இருந்தார்கள். பயிற்சி இருந்த பக்கம் 23 சதவீதம். நடுவர் அவர்களே, வெறுமனே வந்து பார்ப்பதற்கும் கேட்கத் தெரிந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அந்தப் பணியாளர்கள் குடும்பத்தை ஒதுக்கவும் இல்லை. வீட்டாரையும் சேர்த்துக்கொண்டுதான் செய்தார்கள்.

அப்பாக்களுக்கும் இது வரும். பிள்ளை பிறந்த வீட்டில் "நீ எப்படி இருக்கே?" என்று அவனை யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, எண் 14416, 2022 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஆனால் சோர்ந்து கிடப்பவள் தானே எண்ணைத் தேடி அழைக்கட்டும் என்று விட்டுவிட முடியாது. ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே வருகிறாள். குழந்தையை எடை போட்டு அட்டையில் குறிக்கிறோம். அதே நாளில், கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அந்த 10 கேள்விகளை அவளிடம் கேட்கச் சொல்கிறோம். வீட்டார் ஆறுதலே போதும் என்பவர்கள் இதில் எந்தக் கேள்வி தேவையில்லை என்று சொல்லட்டும்.