அம்மாவின் காலண்டர் தாள்கள்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருந்து பேசுகிறேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரை என்பதால் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எங்கேயும் போகவில்லை. அம்மா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இந்தப் பிஸ்கட் டின்னைத் திறக்கப் போகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.

உள்ளே இருப்பதெல்லாம் காலண்டர் தாள்கள். புது வருஷத்துக்கு மளிகைக் கடையில் கொடுப்பார்களே, ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டு, தினம் ஒன்றாகக் கிழிப்போமே, அது. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில்தான் அம்மா எழுதியிருக்கிறார். கிட்டே காட்டுகிறேன். பென்சில், அதனால் மங்கிப் போய்விட்டது. ‘வெள்ளி. மழை. வெட்டு இல்லை.’ அடுத்தது, ‘பால் 21 கிலோ. கட்டிப்பால் தனி.’ அடுத்தது, ‘வெட்டி முடித்ததும் மழை. மங்கில் எல்லாம் தண்ணீர்.’ மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்க வைக்கும் கிண்ணம். அதில் உறைந்து போனது கட்டிப்பால்.

அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய் நின்று, பிறகு தலையில் விளக்கோடு 400, 500 மரம். படிப்பு நாலாம் வகுப்பு வரை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923லேயே தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. அதனால் எங்கள் தோட்டத்திலும் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் தம்பி பிறந்துவிட்டான். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். யாரை நிறுத்துவார்கள்? அக்காவைத்தான்.

அந்த நாலு வருஷத் தமிழ்தான் இந்த டின் முழுக்க இருப்பது.

ஒரு மாதம் சம்பளத்தில் மூன்று நாள் குறைந்திருக்கிறது. தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் கேட்டால், செக்ரோலில், அதாவது வேலை நாள் பதிவேட்டில், அப்படித்தான் இருக்கிறது என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து தாள்களை எடுத்துக்கொண்டு போய் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். எந்த நாள் எவ்வளவு பால், எந்த நாள் மழை, எல்லாம். இரண்டு நாள் சம்பளம் திரும்ப வந்தது. ஒரு நாள் வரவில்லை. அந்த ஒரு நாளுக்கு இன்றைக்கும் அம்மாவுக்குக் கோபம் இருக்கிறது!

நான் யோசித்துப் பார்க்கிறேன். அதுவரைக்கும் அம்மாவைப் பற்றி எழுதியதெல்லாம் அடுத்தவர்தான். செக்ரோலில் கிராணி எழுதினார். பிறப்புப் பத்திரத்தில் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி பேரை எழுதினார், அந்த ஒரு எழுத்துப் பிழைக்காக ஐசி, அதாவது அடையாள அட்டை எடுக்க எத்தனை முறை அலைந்தார் தெரியுமா? ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி கணக்கெழுதினார்கள். என் பாட்டி காலம் அது. அவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். எழுத ஒரு துண்டுத் தாள்கூட அவர்கள் கையில் இல்லை.

பிரேசில் நாட்டில் கரோலினா மரியா டி ஜேசுஸ் என்று ஒரு பெண். சாவோ பாவ்லோ நகரத்துக் குடிசைப் பகுதியில் மூன்று பிள்ளைகளோடு இருந்தார், குப்பையில் காகிதம் பொறுக்கி விற்பார். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். பொறுக்கிய நோட்டில் மிச்சம் இருக்கும் பக்கங்களில் தினமும் எழுதுவார்: இன்றைக்கு என்ன கிடைத்தது, பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், பசி எப்படி இருந்தது. 1958இல் ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பக்கம் போனபோது, சிறு பிள்ளைகளின் ஊஞ்சலைப் பிடித்துவைத்திருந்த ஆட்களைப் பார்த்து இந்த அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாராம், உங்கள் பேரையெல்லாம் என் புத்தகத்தில் எழுதிவிடுவேன் என்று. கையில் தடி எடுக்கவில்லை, நோட்டைக் காட்டி மிரட்டியிருக்கிறார்! 1960இல் அது புத்தகமாக வந்து பல மொழிகளுக்குப் போனது. காசு நிலைக்கவில்லை. 1977இல் இறக்கும்போது மறுபடியும் கஷ்டம்தான். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எழுதினால் வறுமை போய்விடும் என்று நான் யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இதே அடுப்படியில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுகிறோம். தேத்தண்ணி கலக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு நோட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு அக்கா செம்பனைத் தோட்டத்தில் பல வருஷம் பூச்சி மருந்து, களை மருந்து அடித்தவர். முதல் நாள் நோட்டை விரித்து அரை மணி நேரம் சும்மாவே இருந்தார். அப்புறம் எழுதினார்: ‘நகம் கழன்றது. மூக்கில் ரத்தம். கணவரிடம் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன்.’ நாலே வரி. படித்துக் காட்டும்போது கை நடுங்கியது. இங்கே பெண்களின் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகனித்தா அமைப்பு, மருந்து அடிக்கும் பெண்களின் வேதனையைத் திரட்டி 2002இல் வெளியிட்டபோது, இவரைப் போன்றவர்கள் வாய் திறந்து சொன்னதுதான் அதில் இருந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்துக்கு மலேசியாவில் முழுத் தடை 2020இல்தான் வந்தது. அத்தனை வருஷம் இவர் உடம்பில் நடந்ததற்கு ஒரு கணக்கும் இல்லை. இப்போதுதான் எழுதுகிறார், ஆண்டுவாரியாக, ஞாபகத்தில் இருந்து.

எல்லோரும் முதலில் கேட்பது, சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா? தப்பாக எழுதினால் சிரிப்பார்களே? பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் வெட்கமாக இருக்கிறதாம். எனக்கு மனசு வலிக்கும். எப்படி வந்தாலும் எழுதுங்கள் அக்கா, வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்பேன். தமிழ்நாட்டு எழுத்தாளர் பாமா 1992இல் ‘கருக்கு’ என்ற புத்தகத்தில் தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். தமிழ்நாட்டில் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள், பாடமாகவும் வைக்கிறார்கள்.

போன்? வேண்டாம். வீட்டுக்காரர் திறந்து பார்க்கிற போனில் எப்படி மனசைத் திறக்க முடியும்? பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். ஒருவர் அரிசி வாளிக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒருவர் என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறார், நான் திறப்பதில்லை. பத்திரிகைக்கு அனுப்பு, போட்டிக்கு அனுப்பு என்று நான் யாரையும் அவசரப்படுத்துவதும் இல்லை. அவர்களாகக் கேட்டால் உதவி செய்வேன்.

டின்னில் எனக்கு ரொம்பப் பிடித்த தாளைக் காட்டுகிறேன். இதில் கிலோ இல்லை, மழை இல்லை. ‘விடியவில்லை. நிலா. மங்கு எல்லாம் வெள்ளையாக வரிசையாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மண்டோர் ஏசினார். பரவாயில்லை.’ மண்டோர் என்றால் வேலையை மேற்பார்க்கிறவர்.

அடியில் ரப்பர் போட்ட கட்டு ஒன்று இருக்கிறது, தெரிகிறதா? அதைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்குக்கூடக் காட்ட மாட்டாராம். ‘அது என்னுது’ என்றார். சரிம்மா என்று அப்படியே வைத்துவிட்டேன்.

உள்ளிருந்து கூப்பிடுகிறார். ஈரக்காற்று பட்டால் தாள் ஒட்டிக்கொள்ளுமாம். மூடிவிடுகிறேன்.