இணையப் பக்க அட்டவணையை எக்ஸெல் கோப்பாக இறக்குவது: ஒரு கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கும் தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, உறுப்பினர் பட்டியலை இணையப் பக்கத்தில் அட்டவணையாகக் காட்டுகிறோம். பட்டனை அழுத்தினால் எக்ஸெல் கோப்பு இறங்குகிறது. ஆனால் திறக்கும்போது எக்ஸெல் எச்சரிக்கை காட்டுகிறது. சரி என்று சிஎஸ்வியாக மாற்றினால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வருகின்றன. என்ன செய்வது?"

முதலில் எச்சரிக்கை. அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பது இணையத்தில் பல வருடமாகச் சுற்றும் ஒரு பழைய நிரல். அது அட்டவணையின் எச்டிஎம்எல்லை, அதாவது இணையப் பக்கம் எழுதும் குறியீட்டை, அப்படியே எடுத்து, கோப்புப் பெயரின் கடைசியில் எக்ஸ்எல்எஸ் என்று பழைய எக்ஸெல் வடிவத்தின் பெயரை ஒட்டிக் கொடுத்துவிடும். உள்ளே இருப்பது எக்ஸெல் கோப்பே இல்லை, இணையப் பக்கம்தான். எக்ஸெல் 2007 பதிப்பிலிருந்து உள்ளடக்கமும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் கேட்கும். அது கேட்பது நியாயம். புதிய எக்ஸெல் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உள்ளே பல எக்ஸ்எம்எல் (குறியிட்ட எழுத்து) கோப்புகள் அடங்கிய ஒரு ஜிப், அதாவது சுருக்கிக் கட்டிய பொட்டலம். பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், ஒவ்வொரு தாளும் தனிக் கோப்பாக உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது கிறுக்கல். சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அந்தக் கிறுக்கலில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனித்தீர்களா? மேலே சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வரும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் (கணினி நினைவின் சிறு அலகு). முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டாவதில் இரண்டே வகை. அந்த மூன்று பைட்டையும் எக்ஸெல் மூன்று தனி எழுத்தாகப் படித்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் தரவு கெட்டுப்போகவில்லை. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்கிற 3 பைட் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால், இது யூடிஎஃப்-8 என்று எக்ஸெல் புரிந்துகொள்ளும். இணையப் பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு எழுத்தை முன்னால் ஒட்டும் வேலை.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் தங்கச்சி, நீங்கள் இன்னொன்றைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கோப்பு திறந்துவிட்டது, தமிழும் தெரிகிறது. உள்ளே இருக்கும் எண்கள் சரியா?

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரியும். கூட்டிப் பார்த்தால் அர்த்தம் வராத எண், எண்ணே இல்லை. அது எழுத்து. வங்கிக் கணக்கு எண்ணை யாராவது கூட்டுவார்களா? ஆதார் எண்ணுக்குச் சராசரி எடுப்பார்களா? ஆனால் சிஎஸ்வியைத் திறக்கும் எக்ஸெலுக்கு அது தெரியாது. 0 இல் தொடங்கும் உறுப்பினர் எண்ணில் முன்னால் உள்ள 0 போய்விடும். 12 இலக்க ஆதார், புள்ளியும் ஆங்கில 'ஈ'யும் கலந்து சுருங்கித் தெரியும். அதை அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியதுதான் மிஞ்சும். 16 இலக்கக் கணக்கு எண் இன்னும் மோசம். எக்ஸெல் 15 இலக்கம்தான் காக்கும்; கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். பழைய எக்ஸெல் பதிப்புகளில் எந்த எச்சரிக்கையும் வராது. எனக்குத் தெரிந்த ஒரு சுய உதவிக் குழுவில் கணக்கு பார்க்கும் அக்கா, எல்லார் கணக்கு எண்ணும் 0 இல் முடிகிறதே என்று சந்தேகப்பட்டுக் கேட்டார். அவர் கண்ணில் பட்டதால் பணம் போகும் முன் பிடிக்க முடிந்தது.

இது சின்ன அலுவலகங்களின் தொல்லை மட்டும் இல்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்று பெயர் இருந்தது. எக்ஸெல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020 இல், பெயர் வைக்கும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அதே வருடம் இங்கிலாந்தில், பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான். புதியதில் 10,48,576.

அதனால்தான் சொல்கிறேன், பட்டன் போடும்போது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் உருவாக்கும் நூலகத்தை, அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். ஷீட்ஜேஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அட்டவணையை நேரடியாகக் கொடுக்கலாம். எதையும் ஊகிக்காமல் எழுத்தாகவே வை என்று சொல்லும் விருப்பமும் அதில் உண்டு. சந்தாத் தொகை மாதிரி கூட்ட வேண்டிய நெடுவரிசையை மட்டும் எண்ணாக மாற்றுங்கள். தொகையில் காற்புள்ளி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுகிறீர்களா? திரையில் உள்ள அட்டவணையைப் படித்து இறக்கினால் முதல் பக்கத்து 10 வரிதான் வரும், உறுப்பினர் ஆயிரம் பேர் இருந்தாலும். திரையில் இருப்பது தோற்றம். தரவு சர்வரில் இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள்.

ஒரு சோதனை வரி சேர்த்துப் பாருங்கள். பெயரில் ஒரு காற்புள்ளி, முகவரியில் ஒரு வரிமுறிவு, 007 என்று உறுப்பினர் எண், 9 இல் முடியும் 16 இலக்கக் கணக்கு எண், 03/04 என்று ஒரு தேதி. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி ஏப்ரல் 3 ஐ மார்ச் 4 ஆக்கிவிடும், அதனால் இரண்டு வேறு கணினியில் திறங்கள். கோப்பை இறக்கி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து அந்த வரியை இணையப் பக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கேயாவது மாறியிருந்தால் எந்த நெடுவரிசை என்று எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதையே எடுத்துப் பார்ப்போம்.