இந்தத் துணியை உடுத்தினால் அபராதம்! லண்டனை மிரட்டிய சோழமண்டலப் பருத்தி

1719, ஜூன் மாதம், லண்டன். தெருவில் போகும் பெண்களை ஒரு கூட்டம் மறிக்கிறது. நகை, பணம் எதையும் தொடவில்லை. உடுத்தியிருக்கும் கவுனைக் கிழிக்கிறார்கள். சிலர் மேல் மையை ஊற்றுகிறார்கள், சிலர் மேல் அமிலத்தையே ஊற்றுகிறார்கள். அந்தப் பெண்கள் செய்த குற்றம், பூப்போட்ட இந்தியப் பருத்தி உடுத்தியது!

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்து உடைகளின் கதையை ராஜா ராணி வரிசையில் சொன்னால் பொழுது விடிந்துவிடும். எலிசபெத் காலத்துக் கழுத்துப்பட்டை, விக்டோரியா காலத்து வளையப் பாவாடை எல்லாம் இன்னொரு நாள் பார்க்கலாம். அந்த நாட்டுக்குச் சோறு போட்டது கம்பளி. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கம்பளியைக் காப்பாற்ற அவர்கள் போட்ட சட்டங்களைக் கேளுங்கள். 1571-இல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை கம்பளித் தொப்பி போட வேண்டும் என்றார்கள். பிரபுக்களுக்கு விலக்கு உண்டு. 1660களில் இன்னும் ஒரு படி மேலே போய், பிணத்துக்கும் கம்பளிதான் சுற்ற வேண்டும் என்றார்கள். மீறினால் 5 பவுண்டு அபராதம். அதில் பாதி, காட்டிக்கொடுத்தவருக்கு. அதனால் வசதியான வீடுகளில் சொந்தக்காரரே போய்ப் புகார் சொல்லி, பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் உண்டு!

சரி, இப்படிக் கட்டிக் காத்த நாட்டுக்குள் நுழைந்தது சோழமண்டலம் எனப்படும் நம் கிழக்குக் கடற்கரையின் பூத்துணி. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சென்னை என்று கப்பல் கப்பலாகப் போனது. குஜராத்திலிருந்தும் போனது. ஆனால் கையால் தீட்டிய உயர்ந்த ரகத்துக்கு நம் கரைதான் பெயர் பெற்றது.

[திரையில்: வெள்ளைத் துணி, மூங்கில் எழுதுகோல்]

அதை எப்படிச் செய்தார்கள் என்பதை நிதானமாகப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, தீட்டும் கோடு கசிந்து பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் புளித்த கரைசலால் கறுப்புக் கோடு வரைவார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். அதற்குச் சொந்த நிறமே கிடையாது. அப்புறம் துணியைச் சாயவேர் கொதிக்கும் அண்டாவில் போடுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு அப்படியே பிடித்து நிற்கும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம் அலசி வெயிலில் காயவைக்கக் காயவைக்க வெளுத்துவிடும். நீலத்துக்கு இன்னொரு வழி. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இது சுத்தமான வேதியியல்! ஆய்வுக்கூடம் இல்லை, எழுதிய சூத்திரம் இல்லை, எல்லாமே கைப்பழக்கம்.

துவைத்தாலும் சாயம் போகாது, எடையும் இல்லை. கம்பளி எப்படிப் போட்டி போடும்?

1700-இல் சாயமிட்ட துணியின் இறக்குமதிக்குத் தடை வந்தது. வெள்ளைத் துணிக்குத் தடையில்லை. அதை வாங்கி லண்டனிலேயே அச்சடித்தார்கள். வேலை போன, லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் கொதித்துத் தெருவில் இறங்கியதுதான் தொடக்கத்தில் சொன்ன காட்சி. அவர்களின் பசி உண்மை. ஆனால் வழியில் போன பெண்கள் மேல் அமிலம் ஊற்றியதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அரசோ கலவரக்காரர்கள் பக்கமே சாய்ந்தது. 1721 சட்டப்படி, அச்சிட்ட பருத்தியை உடுத்தினால் 5 பவுண்டு அபராதம், விற்றால் 20!

1774-இல் அந்தத் தடையை எடுத்தார்கள். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். அதற்குள் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்ற ஆங்கிலேயரின் நூற்பு இயந்திரம் பருத்தி நூலை நூற்க ஆரம்பித்துவிட்டது. இங்கிலாந்தில் நெய்த பருத்திக்கு மட்டும்தான் அனுமதி. அடையாளத்துக்கு ஓரக்கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும் என்பதும் சட்டம்.

அடுத்த வருடமே, புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டில் திரைச்சீலைகளைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அவை சோழமண்டலத்தில் தீட்டியவை. அந்தக் கட்டில் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் நம் மக்கள் ஒரு எட்டு போய்ப் பார்த்து, அந்தச் சிவப்பு எப்படி இருக்கிறது என்று கமென்ட்டில் எழுதுங்கள். வளையப் பாவாடை வீடியோ வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள்.